மூன்றாம் முகவரியில் நின்ற கடிதங்கள்

2004 ஜூன் 14, திங்கள். நிறுவனத்தின் அஞ்சல் சர்வர் பயன்படுத்தும் ஒரே ஐ.பி. முகவரி, குப்பை அஞ்சல் அனுப்புவோரின் வெளிநாட்டுக் கறுப்புப் பட்டியல் ஒன்றில் சேர்க்கப்பட்டது. வெளியே சென்ற கடிதங்கள் பல திரும்பி வந்தன.

ஜூன் 16, புதன். இணைப்பு வழங்குநரிடமிருந்து மேலும் இரண்டு ஐ.பி. முகவரிகள் பெறப்பட்டன. மூன்று முகவரிகளுக்கும் பெயர் பதியக் கோரித் தொலைநகல் அனுப்பப்பட்டது.

ஜூன் 21, திங்கள். முதல் முகவரி நூலகச் செய்திமடலுக்கும், இரண்டாவது அலுவலகக் கடிதங்களுக்கும், மூன்றாவது குடியிருப்புக் குடும்பங்களின் கடிதங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. மூன்றாவதில் சோதனை தொடங்கியது. சோதனையில் உள்ள கணக்கு: ஒன்று.

ஜூன் 27, ஞாயிறு. நிர்வாகி விடுப்பு.

ஜூலை 2, வெள்ளி. முற்பகல் 11.20. நிர்வாகியின் மனைவி மருத்துவமனையில் காலமானார்.

ஜூலை 19, திங்கள். நிர்வாகி பணிக்குத் திரும்பினார். மூன்றாம் முகவரியின் வரிசையில் மூன்று கடிதங்கள். அனுப்புநர் ஒருவர். பெறுநர் ஒருவர்.

கணினி மையத்தின் பதிவேட்டில் அந்த நாட்களைப் பற்றி இவ்வளவுதான் இருக்கிறது. நிர்வாகி என்று குறிக்கப்பட்டவன் நான். பதிவேட்டில் எவரும் தன்மையில் எழுதக் கூடாது என்ற விதியை வகுத்தவனும் நானே. ஜூலை இரண்டாம் தேதிக் குறிப்புக்கு அங்கே இடமில்லை என்பது எனக்குத் தெரியும். பணிக்குத் திரும்பிய அன்று விடுபட்ட நாட்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது கை அதையும் அதே மையில் எழுதிவிட்டது. பிறகு அதை நான் அடிக்கவில்லை.

எங்கள் ஆய்வு நிறுவனம் திருவனந்தபுரத்தின் விளிம்பில் ஒரு குன்றின்மேல் இருந்தது. மழைக்காலத்தில் கணினி மையத்தின் சன்னலைத் திறந்தால் தென்னைகளின் தலைகள் மட்டும் மஞ்சிலிருந்து எழுந்து நிற்கும். அவற்றுக்குக் கீழே நகரம் இருக்கிறது என்பதை நம்பிக்கொள்ள வேண்டும். நான் இயற்பியல் படித்து அங்கே சேர்ந்தவன். எவராவது கணினிகளைக் கவனிக்க வேண்டியிருந்தது, கவனித்தேன், பதினைந்து ஆண்டுகளில் அதுவே என் வேலையாயிற்று. அந்நாளில் வீடுகளில் இணையம் அரிது என்பதால், வளாகக் குடியிருப்பில் இருந்த குடும்பத்தினருக்கும் நிறுவனமே அஞ்சல் கணக்கு கொடுத்திருந்தது. பெரும்பாலும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள்.

கறுப்புப் பட்டியலில் நாங்கள் விழுந்ததற்குக் காரணம் எங்கள் நூலகம். புதிய நூல்களின் விவரத்தை மாதந்தோறும் உலகெங்குமுள்ள ஆய்வாளர்களுக்கு அவர்கள் அனுப்பிவந்தார்கள். அந்த ஆய்வாளர்களுள் பலர் தம் அஞ்சல் முகவரிகளை விட்டு எப்போதோ போய்விட்டிருந்தனர். இல்லாதவர்களுக்குத் தொடர்ந்து எழுதுகிறவனைக் குப்பை அனுப்புகிறவன் என்று இணையம் கணிக்கிறது. நூலகம் சேர்த்துக்கொண்ட கெட்ட பெயர், அதே ஐ.பி. முகவரியின் வழியே வெளியேறிய எல்லாருடைய கடிதங்களின்மீதும் விழுந்தது. ஆகவே வழிகளைப் பிரிக்க முடிவு செய்தேன். ஒரே சர்வர், ஆனால் எழுதுகிறவர் யார் என்று பார்த்து, மூன்று முகவரிகளுள் உரிய ஒன்றின் வழியாக அது கடிதத்தை வெளியே விடும். ஒன்றின் பழி மற்றதைத் தொடாது. ஐ.பி. முகவரி வெறும் எண் என்பதால், அது யாருடையது என்று காட்டும் பெயரை ஒவ்வொன்றுக்கும் இணைப்பு வழங்குநர் பதிய வேண்டும்.

எழுதுவதற்கு எளிது. செய்வதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்தை நான் விரும்பினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வழி, ஒவ்வொரு வழிக்கும் ஒரு பெயர் என்று வரி வரியாக எழுதிச் செல்லும்போது, வெளியே மழை பெய்வதும் உள்ளே நான் தட்டுவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள் போலத் தோன்றும்.

எஞ்சியது ஒரு கேள்வி. குடும்பக் கணக்குகளுக்கான புதிய வழியில் யாருடைய கடிதத்தை முதலில் விட்டுப் பார்ப்பது? பிறர் வீட்டுக் கடிதத்தை வைத்துச் சோதிப்பது முறையல்ல என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டுக் கணக்கையே சேர்த்தேன். என் வீட்டில் எழுதுகிறவள் என் மனைவி.

மையத்தில் என்னோடு வேலை செய்தவர் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார். இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டவர். என்னிடம் பயம் என்பது அறவே இல்லாதவர். நான் சேர்த்த வரியைத் திரையில் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மருந்து புதுசா வந்தா எலிக்குக் குடுத்துப் பாப்பாவ, சார். நீங்க வீட்டம்மைக்குக் குடுத்துப் பாக்குதிய."

"அது நியாயம்தானே?"

"நியாயம்தான். அக்காக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

கேட்கவில்லை. ஒரு பெரிய இலவச அஞ்சல் நிறுவனத்தில் எனக்கிருந்த கணக்குக்குச் சோதனைக் கடிதம் ஒன்று அனுப்பினேன். நொடியில் போய்ச் சேர்ந்தது. வழி சரி என்று குறித்துக்கொண்டேன்.

எங்கள் மையத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது; அதுவும் என் ஏற்பாடு. போய்ச் சேராத கடிதத்தைப் பற்றிச் சர்வர் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு அனுப்பும். முன்பு ஒருமுறை, ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரின் மனைவி அப்படிப்பட்ட அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு, மகனுக்கு ஏதோ ஆபத்து என்று அழுதபடி குன்றேறி வந்தார். அதன்பின் அந்த அறிவிப்புகள் எழுதியவருக்குப் போகாமல் எனக்கு மட்டும் வரும்படி செய்தேன். கேபிள் அறுந்து நாள்கணக்கில் இணைப்பு இல்லாமல் போகும் மழைக்காலத்தை நினைத்து, கடிதங்கள் வரிசையில் முப்பது நாள் வரை நின்று முயன்றுகொண்டே இருக்கவும் வைத்தேன். இரண்டையும் கருணை என்றே நினைத்திருந்தேன். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வரும் அந்த அறிவிப்புகளைச் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து படிப்பேன்.

என் மனைவி எங்கள் சாப்பாட்டு மேசையை ஒட்டியிருந்த கணினியில், ஒற்றை விரலால், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவாள். அதே நகரத்தின் கரமனையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஒரே மகள் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவி. அந்த விடுமுறைக்கு வர முடியாது, ஆய்வகத்தில் வேலை இருக்கிறது என்று அவள் எழுதியிருந்தாள். ஜூன் இருபதாம் தேதி வந்த அந்தக் கடிதத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு மௌனம் இருந்தது. இருபத்தைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, காப்பியை என் முன் வைத்துவிட்டு என் மனைவி கேட்டாள்:

"கேட்டேளா, செவ்வாக்கிழமை ஒண்ணு போட்டேன். நேத்திக்கு ஒண்ணு போட்டேன். ரெண்டுக்கும் பதில் இல்லை. அவளுக்குக் கிட்டித்தா இல்லையா?"

"கிட்டாம என்ன?"

"உங்க மிஷின்ல ஏதும் கோளாறா இருக்குமோ?"

"மிஷின் சரியாத்தான் இருக்கு."

"அப்போ கோளாறு அவளுக்குத்தான்," என்றாள். "இல்லாட்டா எனக்கு. யார் முதல்ல இறங்கி வரதுன்னு ரெண்டு பேரும் மேலயே நிக்கறோம், பின்னே எப்படி?" சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. சில நாட்களாகவே அந்த இருமல் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் அலுவலகம் போகவில்லை, அறிவிப்புகளைப் படிக்கவில்லை. பிற்பகலில் சற்றுத் தேறி, கணினியின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். ஞாயிறு மாலைகளில் மகளுடன் தொலைபேசியில் பேசுவது எங்கள் வழக்கம். அந்த ஞாயிறு விடியும்போதே நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம். ஆக்சிஜன் முகமூடியை எடுத்துவிட்டுப் பேச மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை. மகள் வந்து சேர்ந்தது மூன்றாம் தேதி காலை.

அதன்பின் வந்த நாட்களில் ஒன்றோடொன்று ஒட்டும் விளிம்புகள் இல்லை. யார் வந்தார்கள், யார் சமைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு பிற்பகலின் வெளிச்சம் மட்டும் நினைவிருக்கிறது: மழை விட்டிருந்தது, சமையலறைத் தரையில் சன்னலின் வடிவம் விழுந்திருந்தது, மகள் அதன் அருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா எங்கிட்டக் கோவிச்சுண்டேதான் போனாளா அப்பா?"

"இல்லை."

"அந்த மெயிலுக்கு அப்புறம் எனக்கு ஒரு வரிகூட எழுதலை. நானும் பிடிவாதமா இருந்துட்டேன். கோவம் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. எழுதினாள் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுதியது போய்ச் சேர்ந்திருந்தால் இவள் ஏன் இப்படிக் கேட்கிறாள் என்ற எண்ணம் எங்கோ தொலைவில் எழுந்து, வந்து சேராமல் கலைந்தது. பதினேழாம் தேதி அவள் விமானம் ஏறினாள்.

பத்தொன்பதாம் தேதி காலை, வரிசையில் அந்த மூன்று கடிதங்களைக் கண்டேன். என் மனைவியின் முகவரி, மகளின் முகவரி, எழுதிய நேரம், அளவு. ஜூன் இருபத்திரண்டு, இருபத்துநான்கு, இருபத்தாறு. முதலாவது நடுத்தர அளவு. இரண்டாவது அதைப்போல் இரண்டு மடங்கு. மூன்றாவது மிகச் சிறியது. ஒவ்வொன்றின் கீழும் மகளுடைய பல்கலைக்கழகச் சர்வர் சொன்ன பதில் இருந்தது: இந்த ஐ.பி. முகவரிக்குப் பெயர் காணப்படவில்லை, பிறகு முயலவும். மணிக்கு ஒருமுறை எங்கள் சர்வர் அந்தக் கதவைத் தட்டியிருந்தது. மணிக்கு ஒருமுறை அதே பதிலைப் பெற்றிருந்தது. அவள் மருத்துவமனையில் இருந்தபோதும், அதற்குப் பிறகும்.

இணைப்பு வழங்குநரின் மலையாளிப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ரெண்டெண்ணத்துக்குப் பேரு போட்டிட்டுண்டு, சாரே. மூணாமத்தது விட்டுப் போயி. சார் அயச்ச ஃபேக்ஸ்ல அடியில உள்ள வரி தெளிஞ்சில்ல."

"தெளியலைன்னா கேட்டிருக்கலாமே?"

"ரெண்டே உள்ளூன்னு நெனச்சு. இப்பத் தன்னே செய்து தராம். அர்ஜென்டா?"

"அர்ஜென்ட் இல்லை," என்றேன்.

அவர் மீது குறை சொல்ல எனக்கு இடமில்லை. மூன்று பெயர்களும் பதிவாகிவிட்டனவா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். இலவச அஞ்சல் நிறுவனம் பெயர் கேட்காமலே கடிதத்தை வாங்கிக்கொண்டதால் நான் பார்க்கவில்லை. பெயர் கேட்கும் சர்வர்களும் உண்டு என்பது நான் அறியாததன்று.

தொலைபேசியை வைத்தபோது ஒன்று புரிந்தது. பெயர் பதிவான மறுகணம் அடுத்த தட்டலுக்குக் கதவு திறக்கும். மூன்று கடிதங்களும் தாமாகவே போய்விடும். அவற்றில் என்ன இருக்கிறது? அந்த நாட்களில் என் மனைவி கோபமாக இருந்தாள் என்பதை நான் அறிவேன். அவளுடைய கோபம் எழுத்தில் எப்படி வரும் என்பதையும் அறிவேன். இறந்துபோன தாயிடமிருந்து அப்படி ஒரு கடிதம், ஆய்வகத்தில் தனியாக இருக்கும் பெண்ணின் முன் திடீரென்று திறந்துகொண்டால்? கோபமில்லாத கடிதமானால், அது அவளுக்கு வேண்டிய ஒரே பதில். எது என்று அறியத் திறந்து பார்ப்பதற்கு எனக்கு எல்லா அதிகாரமும் இருந்தது. பதினைந்து ஆண்டுகளில் நான் யாருடைய கடிதத்தையும் திறந்ததில்லை.

மூன்றையும் நிறுத்திவைத்தேன். அதற்கு ஒரு கட்டளை உண்டு. நிறுத்திவைத்த கடிதத்தைச் சர்வர் அனுப்ப முயலாது; திருப்பவும் செய்யாது. அதற்கு நாட்கள் கழிவதில்லை. முப்பது நாள் கணக்கு அதைத் தொடுவதில்லை.

இதை எழுதும்போது அந்த நாட்களின் ஒளி மறுபடி வருகிறது. காலையில் திரையில் அந்த மூன்று வரிகள் இருக்கும், மாலையிலும் இருக்கும். நான் நடந்ததாக நினைவில்லை. இடங்கள் என்னை நோக்கி வந்து, நின்று, விலகிப் போயின. ஒரு நாள் பேருந்து பழவங்காடியில் நெரிசலில் நின்றது. கோயில் முன் தேங்காய் சிதறும் ஒலி, ஈரத்தில் அதன் வாசனை. கூட்டத்தில் என் மனைவியின் முதுகைப் பார்த்தேன். சாம்பல் கரை போட்ட பச்சைப் புடவை, வலது தோள் சற்றே தாழ்ந்த அந்த நடை. நான் அழைக்கவில்லை, திடுக்கிடவும் இல்லை. இன்னும் மூன்று கடிதம் போட வேண்டியவள் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாள் என்பது அப்போது எனக்கு நியாயமாகவே பட்டது. பேருந்து நகர்ந்தது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன்.

அம்மையார் தினமும் காலையில் வரிசையின் நிலையை அச்செடுத்து என் மேசையில் வைப்பார். ஒரு வாரத்துக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஜூலை முப்பதாம் தேதி தாளை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"சார், இந்த மூணையும் எத்தன நாளைக்கு இப்பிடிக் கெட்டி வைக்கப் போறிய?"

"சோதனை முடியட்டும்."

"சோதனை எப்பவோ முடிஞ்சாச்சு. எங்க வீட்டு மெயிலயும் அதுவழியா விட்டுப் பாத்தேன். பறந்து போவுது."

"யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?"

"எலி யார்க்கிட்டக் கேக்கும், சார்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாசிச்சியளா?" என்று கேட்டார்.

"இல்லை."

"வாசிக்காண்டாம். ஆனா அக்கா அத உங்களுக்கு எழுதல்ல, பாத்துக்கிடுங்க. நமக்குக் கொண்டுபோய்க் குடுக்கதுதான் வேலை."

அவர் போன பிறகு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளைக் காப்பதாக எண்ணியிருந்தேன். தாளில் மகளின் முகவரி மூன்று முறை அச்சாகியிருந்தது. அவளுக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொண்டிருந்தேன். அவை இருக்கும்வரை என் மனைவியின் ஒரு வேலை முடியாமல் இருந்தது. அது முடியாமல் இருப்பது எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு மாலை மகள் அழைத்தாள்.

"அம்மா உனக்கு எழுதியிருக்கா," என்றேன். "மூணு மெயில்."

"எப்போ?"

"ஜூன்ல. உன் மெயில் வந்த அப்புறம். புது அட்ரஸ்க்குப் பேர் பதிவாகலை, உங்க சர்வர் வாங்கிக்கலை. நான் பார்த்திருக்கணும். அம்மா கேட்டா. மிஷின் சரியாத்தான் இருக்குன்னு சொன்னேன்."

"நீங்க படிச்சேளா?"

"இல்லை."

"பின்னே எதுக்கு வெச்சிண்டிருக்கேள்?"

"அப்போ அவளுக்கு உம்மேல கோவம். என்ன எழுதியிருக்கான்னு எனக்குத் தெரியாது."

"இருக்கட்டுமே. எனக்குக் கிட்ட வேண்டிய கோவம்தானே? அதை நீங்க எதுக்குப் பிடிச்சு வெக்கணும்?" குரல் உடைந்தது, திரும்பச் சேர்ந்தது. "ஒரு மாசமா நான் என்ன நெனச்சிண்டிருக்கேன் தெரியுமா? கடைசியா அவ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலைன்னு. திட்டியிருந்தாலும் அது சொன்னதுதானே அப்பா? நாளைக்குக் காலம்பற அனுப்புங்கோ, எங்க டைம். லேபுக்குப் போகாம வீட்டுலேயே இருக்கேன்."

அவளுக்குக் காலை என்பது எனக்கு மாலை. திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கு அம்மையார் தம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழக்கமாகச் சொல்லும் "வாறேன் சார்" என்பதைச் சொல்லாமல் கதவை மெல்லச் சாத்தினார். கட்டளையைத் தட்டினேன். பதிவில் மூன்று வரிகள் ஓடின. முதலாவது ஏற்கப்பட்டது. சிறியது இரண்டாவதாகப் போயிற்று, அது ஏற்கப்பட்டது. பெரியது கடைசி. பிறகு, அஞ்சல் வரிசை காலி என்று திரை சொன்னது. அறையின் குளிர் அப்போதுதான் என்மீது பட்டது. சன்னலுக்கு வெளியே தென்னைகள் மஞ்சில் இல்லை. மாலை வெயிலில், வேரிலிருந்து தலை வரை முழுதாக நின்றன.

எழுந்து போக முடியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பதிவில் ஒரு வரி வந்தது. உள்ளே வரும் கடிதம். அனுப்புநர், மகள். பெறுநர் நானல்ல, என் மனைவி. அளவு, அவள் எழுதிய மூன்றையும் கூட்டினாலும் அதற்கு மேல். சர்வர் அதை என் மனைவியின் பெட்டியில் ஒழுங்காகச் சேர்த்தது.

அதை நான் திறக்கவில்லை. அந்த மூன்றில் என்ன இருந்தது என்று மகள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அடுத்த ஞாயிறு அவள் தன் அறைக்கு வாங்கிய குக்கரைப் பற்றியும், அதில் சாதம் குழைந்துபோவதைப் பற்றியும் வெகுநேரம் பேசினாள். அம்மா கோபித்துக்கொண்டாளா என்று அதன்பின் அவள் என்னிடம் கேட்டதில்லை.

பதிவேட்டில் ஆகஸ்ட் மாதத்தின் இறுதியில், முடிக்காமல் விட்டவை என்று நான் எழுதியிருப்பவை:

குடியிருப்பின் மற்றக் குடும்பங்களை மூன்றாம் முகவரிக்கு மாற்றுதல்.

போய்ச் சேராத கடிதங்களைப் பற்றிய அறிவிப்பு, எழுதியவருக்கே தமிழிலும் மலையாளத்திலும் போகும்படி வாசகம் எழுதுதல்.

இனிப் புதிய வழி எதையும் சோதிக்குமுன் கணக்குக்கு உரியவரிடம் கேட்க வேண்டும் என்ற விதியைச் சுற்றறிக்கையாக அனுப்புதல்.

காலமானவரின் கணக்கை மூட ஒப்புதல் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுதல்.